பதினைந்து சாண் கேரியர்

ஏழுகல் மெட்டில் வீரணனின் ஜீப்புக்கு மேலே இருந்த கேரியர் வளர்கிறது என்ற சேதியை முதலில் சொன்னது மனிதர் யாருமில்லை, ஒரு கயிறு. அதே கயிறு, அதே எட்டு ஏலக்காய் மூட்டை, அதே முடிச்சு; முன்கொக்கியில் மாட்டிக் குறுக்கே நாலு தரம் இழுத்துப் பின்கொக்கியில் சுற்றிக் கட்டினால் முதல் வருஷம் ஒரு முழம் மிச்சம் தொங்கும். மறுவருஷம் அது அரை முழமானதை யாரும் கவனிக்கவில்லை, அதற்கும் மறுவருஷம் கார்த்திகை மாசத்துக் காலையொன்றில் கயிறு பின்கொக்கிக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. மழையில் நனைந்து சுருங்கியிருக்கும் என்று வீரணன் புதுக் கயிறு வாங்கினான், தை மாசத்தில் அதுவும் எட்டவில்லை. பிள்ளை வளர்ந்தால் பாவாடை குட்டையாகிறது, கேரியர் வளர்ந்தால் கயிறு குட்டையாகிறது, இதிலென்ன இருக்கிறது என்று மெட்டுக்காரர்கள் அவரவர் காட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வீரணனுக்கு மட்டும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் அப்படிப்பட்ட ஆள்தான். மெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் பதினேழு கிலோமீட்டர் மண்பாதையில் பத்தொன்பது வருஷம் ஜீப் ஓட்டியவன், இருந்தும் வண்டியைக் கிளப்பும் முன் நாலு சக்கரத்து நட்டையும் மூன்று தரம் திருகிப் பார்ப்பான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். வெயில் அடித்தால் மழை வந்துவிடுமே என்றும், மழை வந்தால் மண் சரிந்துவிடுமே என்றும், ஒன்றும் நடக்காமல் ஒரு வாரம் போனால் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் வரப்போகிறதே என்றும் கவலைப்படுவான். ஊரில் அவனுக்கு நட்டு வீரணன் என்றே பேர். பாவம், ஒரு தரம் அவன் பயந்தது நடந்தும்விட்டது. பழைய கேரியர் நட்டும் போல்ட்டும் போட்டு மாட்டியது. ஒன்பதாவது வளைவில் நட்டு கழன்று எட்டு மூட்டையோடு அது சரிய, இறங்கி ஓடிப்போய்க் கையால் தாங்கப் பார்த்தான். வலது கை நாற்பத்தைந்து நாள் மாவுக்கட்டில் கிடந்தது. தான் பயப்பட்டது சரிதான் என்று ஒரு மனிதனுக்கு ஒரே ஒரு தடவை தெரிந்துவிட்டால் போதும், அதற்குமேல் அவனைத் தேற்ற ஆளில்லை.

அந்த நாற்பத்தைந்து நாளும் அவன் புதுக் கேரியரைத்தான் யோசித்தான். இடது கையில் அடுப்புக்கரியைப் பிடித்துக்கொண்டு வீட்டுச் சுவரில் வரைந்தான், வரைந்ததை அழித்தான், மறுபடி வரைந்தான். காற்று மோதாமல் வழுக்கிக்கொண்டு போக முன்பக்கம் சரிவு, ஸ்டெப்னி டயர் படுத்துக்கொள்ள நடுவில் ஒரு வளையம், ஆள் ஏற பின்னால் ஏணி, மூட்டை நழுவாமலிருக்க ரெண்டு சாண் உயரத்தில் சுற்றிலும் கம்பி, கயிறு மாட்டப் பதினாறு கொக்கி. எல்லாவற்றுக்கும் மேலாக, நட்டே கிடையாது. ஒரு இஞ்ச் சதுரப் பைப்பில் சட்டம் அடித்து, ஆறு காலையும் ஜீப்பின் தலைவிளிம்போடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடுவது என்று முடிவு பண்ணினான்.

போடியிலிருந்து மெஷினும் ஜெனரேட்டருமாக ஏறி வந்த வெல்டர் அருளப்பன் சொல்லத்தான் செய்தான்.

"அண்ணே, நாளப்பின்ன கழட்டணும்னா என்ன செய்வீக? நாலு போல்ட்டாச்சும் விடுங்க."

"கழட்டவே கூடாதுன்னுதாம்ப்பா பத்த வைக்கச் சொல்றேன். கழட்ட முடியுற எதுவும் தானாக் கழண்டுக்கிரும்."

அளவெடுத்தது அதற்கு முந்தின நாள். மெட்டில் செடிக்குச் செடி இடைவெளியிலிருந்து களத்தில் விரிக்கும் பாய் வரைக்கும் எல்லாவற்றுக்கும் கையளவுதான். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. கையால் எதை அளந்தாலும், அளந்து முடித்த இடத்திலிருந்து ஆரம்பித்த இடம் வரைக்கும் திருப்பி ஒரு தரம் அளந்துவிட வேண்டும். திருப்பளவு என்பார்கள். போகும்போது கை பொருளுக்குத் தன் அளவைக் கொடுக்கிறது, வரும்போது வாங்கிக்கொள்கிறது. கொடுத்ததை வாங்காமல் விட்டால் கைக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு ஒட்டு நின்றுபோகும் என்பது அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். வீரணனுக்கு வலது கை மாவுக்கட்டில். அவன் மேலே ஏறினால் தகரம் குழிந்துவிடும் என்ற பயம் வேறு. அதனால் ஆறு வயது மகள் தாரணியை இடது கையாலேயே தூக்கி ஜீப்பின் தலையில் விட்டான். அவள் வலது கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு இடது கையை விரித்து விரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தவழ்ந்து அளந்தாள். அகலம் பத்து சாண். நீளம் பதினைந்து சாண். பதினைந்தாவது சாணில் அவள் விரல் நிற்கும்போது வானத்தில் மின்னல் ஒரு வெட்டு வெட்டியது, இடிக்குப் பயந்து வீரணன் பிள்ளையை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான், உள்ளே போய்க் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளவைக் குறித்துக்கொண்டான். நூற்றெட்டு விஷயத்துக்குப் பயப்படுகிறவன், பயப்பட வேண்டிய அந்த ஒன்றை மறந்துபோனான்.

கயிறு எட்டாத தை மாசத்தில்தான் அவன் மனைவி போதுமணி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கிறவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தாள். கால்கள் ஆறும் நட்ட இடத்தில் நிற்க, மேலே சட்டம் மட்டும் நாலு பக்கமும் பந்தல் மாதிரி வெளியே நீண்டிருந்தது. எட்டு வயதான தாரணியை ஏற்றி அளக்கச் சொன்னாள். பத்து சாண், பதினைந்து சாண். சாண் கணக்கு ஒரு நூல் மாறவில்லை.

"அன்னைக்குத் திருப்பி அளக்க வச்சீங்களா?"

வீரணன் தலையில் கை வைத்துக்கொண்டு சக்கரத்தோரம் உட்கார்ந்தான். அன்றைக்கே பிள்ளையைப் பின்னாலிருந்து முன்னாலும், வலமிருந்து இடமும் திருப்பி அளக்கவைத்தார்கள். ஒரு மாசம் நிம்மதியாக இருந்தான், மாசி பிறந்ததும் கேரியர் ஒரு விரற்கடை கூடியிருந்தது.

"அளந்த கைதானய்யா திருப்பி அளக்கணும்," என்றாள் போதுமணி. "அந்த ஆறு வயசுக் கை இப்ப எங்கன இருக்கு? அது போயிருச்சுல்ல."

ஊர் இதைப் பழகிக்கொண்ட விதம்தான் விதம். எட்டு மூட்டை ஏறிய கேரியரில் பத்து ஏறியது, பிறகு பன்னிரண்டு ஏறியது. கட்டிலைக் கழற்றாமல் அப்படியே ஏற்றலாம், கல்யாணப் பெண்ணின் பீரோவைப் படுக்கப்போட்டுப் பக்கத்தில் ரெண்டு பேர் காவலுக்கு உட்காரலாம். ஏலக்காய் வாங்கி அனுப்பும் ஜோதிவேல் அண்ணாச்சி மாசம் தவறாமல் ஒரு அட்டை முட்டையும் கேழ்வரகு மாவும் நிலக்கடலையும் தாரணிக்குக் கொடுத்தனுப்பினார். ஒவ்வொரு தமிழ் மாசமும் முதல் தேதியன்று அவருடைய கடைச்சுவரில் அவள் இடது கையை விரித்து வைக்கச் சொல்லி நீலச் சாக்பீஸால் சுற்றி வரைவார்கள். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் யார் எந்த மாசம் எதை மலையிறக்குவது என்று பேசிக்கொள்வார்கள். போடியில் தார்ப்பாய் கடைக்காரர், "பாப்பா எப்படி இருக்கு, நல்லாச் சாப்பிடுதா?" என்று கேட்டுக்கொண்டுதான் துணியை வெட்டுவார், கேட்ட பதிலுக்குத் தக்கபடி ஒரு அடி கூட்டி விடுவார். அவளுக்கு அம்மை போட்டிருந்த மூன்று வாரமும் ஒருத்தரும் சொல்லாமலே ஊர் பாதிப் பாரம்தான் ஏற்றியது. கொய்யா மரத்திலிருந்து அவள் விழுந்த அன்றைக்கு ஓடிவந்தவர்கள் முதலில் கேரியரைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் பிள்ளையைத் தூக்கினார்கள். மெட்டில் இன்னும் ரெண்டு ஜீப் உண்டு, அந்த ரெண்டு டிரைவர்களும் தங்கள் பிள்ளைகளை ஏற்றி அளந்து, திருப்பளவை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஒருத்தன் மகன் நல்ல கொழுகொழுவென்ற பையன், அவனுக்குத் தினமும் பாலும் நெய்யுமாகப் போயிற்றே தவிர கேரியர் அசையவில்லை. வேண்டுமென்றே மறப்பது மறதியில் சேராது என்று ஊர் முடிவு கட்டியது.

வீரணனை மட்டும் அந்த நீலக் கோடு மாசாமாசம் பயமுறுத்தியது, ஏனென்றால் பாதையில் அண்ணன் தம்பிப் பாறை இருந்தது. மெட்டிலிருந்து நாலாவது கிலோமீட்டரில் மலை ரெண்டாகப் பிளந்து வாசல் மாதிரி நிற்கும் இடம். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி, ரெண்டும் சாமி. மஞ்சள் பூசி மாலை போட்டிருப்பார்கள், வண்டிக்காரர்கள் ஒரு ஹாரன் அடித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைவார்கள். ஜீப்பின் தலை உயரத்தில் பாறைக்கும் பாறைக்கும் இடைவெளி சரியாக ஆறடி. அந்த வாசலை விட்டால் வேறு வழி கிடையாது, அந்தச் சாமிகள்மேல் உளி வைக்க மெட்டில் ஒரு கை கிடையாது. வீரணன் ஆறடிக்கு ஒரு மூங்கில் குச்சி வெட்டி வீட்டு மூலையில் சாத்திவைத்தான். மாசாமாசம் அதைக் கேரியரின் குறுக்கே பிடித்துப் பார்ப்பான். நாலரை அடியில் ஆரம்பித்தது ஐந்தாயிற்று, ஐந்தேகாலாயிற்று. பெண்பிள்ளையின் கை எந்த வயதில் எவ்வளவு இருக்கும் என்று பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரியிலும் பார்க்கிற பெண்களின் கையை எல்லாம் உற்றுப் பார்த்து ரெண்டு இடத்தில் திட்டும் வாங்கினான்.

கேரியரை அறுத்துவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் சொல்வீர்கள், ஊரும் சொன்னது. ஆனால் தாரணிக்கு ஒன்பது வயதில் ஒரு காரியம் நடந்திருந்தது. அன்றைக்குக் காலை கேரியரின் இடது பின்மூலை தம்பிப் பாறையில் உரசி ஒரு பைப் வளைந்துபோயிற்று. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் இடது சுண்டுவிரல் வெண்டைக்காய் பருமனுக்கு வீங்கியிருந்தது. வகுப்புக் கதவில் நசுங்கியது என்றாள் தாரணி. கதவுதான் என்றாள் போதுமணியும். வீரணனுக்குக் கதவு காதில் விழவில்லை, பைப் வளைந்த சத்தம்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாளே பழைய டயர் ட்யூப்புகளைக் கிழித்துக் கேரியரின் நாலு மூலையிலும் சுற்றிக் கட்டினான். போடியில் இரும்பறுக்கும் ஒரு ஆக்ஸா பிளேடும் அதற்குச் சட்டமும் வாங்கிவந்து துணியில் சுற்றி டூல் பாக்ஸில் வைத்தான், வாரத்துக்கு ஒரு தரம் அதை வெளியே எடுப்பான், பைப்பில் வைப்பான், வைத்த இடத்தில் மகளின் விரல் தெரியும், உடனே எடுத்துத் துணியில் சுற்றிவிடுவான். பாறைச் சந்தில் நுழையும்போது தாரணியை இறக்கி முன்னால் நடக்கவிட்டான். அவள் பின்பக்கமாக நடந்துகொண்டு, கையை உயர்த்தி, "வா, வா, லேசா எடது பக்கம் ஒடிப்பா, வா" என்று ஜீப்பை அழைத்துப்போவாள். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் அவன் கண்ணை மூடாத குறையாகப் போய்வந்தான்.

முட்டை விஷயம் எப்போது ஆரம்பித்தது என்று அவனைக் கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. போதுமணி காலை ஆறு மணிக்கே ஸ்டோருக்குப் போய்விடுவாள், பிள்ளைக்குத் தட்டு வைப்பது அவன் வேலை. ஒருநாள் அவிக்கும்போது முட்டை வெடித்துவிட்டது, அதை வாசலில் கிடந்த நாய்க்குப் போட்டான். மறுநாள் முட்டை நன்றாகத்தான் இருந்தது, அதையும் நாய்க்குப் போட்டான். தோசை மூன்று ரெண்டானது, ரெண்டாவது கொஞ்சம் சின்னதானது, பாலில் தண்ணீர் கூடியது. அவன் உட்கார்ந்து யோசித்துத் தீர்மானித்துச் செய்ததில்லை. கை செய்தது, கண் வேறு பக்கம் பார்த்தது. இப்படியே ஒரு வருஷம் போயிற்று. பிள்ளை வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். கடைச்சுவரில் நீலக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி விழ ஆரம்பித்தன. வீரணனுக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

ஆவணி மாசத்தில் ஸ்டோரில் கரண்ட் இல்லாமல் ஒருநாள் போதுமணி வேலைக்குப் போகவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவள் கூட்டுவதை நிறுத்திவிட்டு நாயைப் பார்த்தாள். நாய் எழுந்து நகரச் சோம்பல்பட்டுக்கொண்டு, வயிறு தரையில் படக் கிடந்தது.

"இந்த நாய்க்கு யாரு என்னத்தப் போடுறது?"

வீரணன் குனிந்து ஜீப்பின் சக்கரத்து நட்டைத் திருகினான்.

"யோவ், ஒன்னியத்தான் கேக்கேன். மெட்டுல இருக்குற நாயெல்லாம் எலும்பும் தோலுமா அலையுது. இது மட்டும் எப்படிய்யா பன்னிக்குட்டி மாதிரி இருக்கு?" அவள் விளக்குமாற்றோடு உள்ளே போனாள், அண்ணாச்சி கொடுத்தனுப்பிய முட்டை அட்டையைப் பார்த்தாள், வெளியே வந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. குரல் இறங்கிவிட்டது. "பிள்ள தட்டுலயிருந்து எடுத்தியா?"

"ஒரு விரக்கடதான் பாக்கி, போது. குச்சி வச்சுப் பாத்தேன். இன்னும் ஒரு விரக்கட வளந்தா வண்டி நிக்கும். வண்டி நின்னா அறுக்கச் சொல்லுவாக. அறுத்தா..."

"பாறையக் கொறைக்கணும், இல்ல பைப்பக் கொறைக்கணும். ஒனக்கு ரெண்டுக்கும் பயம்," என்றாள் போதுமணி. "அதுனால பிள்ளையக் கொறைச்சிட்ட."

அவள் அழவுமில்லை, விளக்குமாற்றை ஓங்கவுமில்லை. ஓங்கியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்றையிலிருந்து விடியுமுன் எழுந்து பிள்ளையின் சாப்பாட்டை அவளே செய்துவைத்துவிட்டுப் போனாள், அவன் அந்தத் தட்டைத் தொடக்கூடாது என்றாயிற்று. ஒரு வருஷம் அடக்கிவைத்த வளர்ச்சியெல்லாம் சேர்த்து வந்ததுபோல் தாரணி ரெண்டே மாசத்தில் மளமளவென்று வளர்ந்தாள். கை நீண்டது, கேரியரும் நீண்டது. ஐப்பசி முதல் தேதி வீரணன் மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்துப் பார்த்தான், குச்சியும் கேரியரும் ஒன்றாக இருந்தன. பிரேக் சரியில்லை என்று ஊரில் சொல்லிவிட்டு ஜீப்பைச் சாய்ப்புக் கொட்டகைக்குள் தள்ளிப் போர்வை போட்டு மூடினான். மூடின பிறகும் மேலே அது ரெண்டு பக்கமும் துருத்திக்கொண்டுதான் தெரிந்தது.

அடுத்து வந்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, கடையில் மூட்டைகளுக்குச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்த ஜோதிவேல் அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மற்ற ரெண்டு ஜீப்பும் விடியற்காலையிலேயே போடிக்குப் போயிருந்தன. நாலு பேர் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வீரணன் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிரேக் சரியில்லை என்று சொல்ல வாயைத் திறந்தவன், வேர்த்துக்கிடந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போர்வையை உருவினான். அண்ணாச்சியை உள்ளே படுக்கவைத்து, ரெண்டு பேர் பிடித்துக்கொள்ள, போதுமணி காலடியில் உட்கார, தாரணி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அன்றைக்கு அவன் நட்டைத் திருகிப் பார்க்கவில்லை.

பாறை வாசலுக்கு வந்ததும் தாரணி இறங்கி முன்னால் நடந்தாள். மழை பெய்து ஓய்ந்த மண், இறக்கம், ரெண்டு சாமிகளும் நனைந்து கறுத்து நின்றன. "வா," என்றாள். "வாப்பா. வா." ட்யூப் சுற்றிய மூலைகள் முதலில் பாறையைத் தொட்டன, ரப்பர் கீச்சிட்டது, கிழிந்தது, அப்புறம் இரும்பு பாறையில் இறங்கும் சத்தம் வந்து ஜீப் நடுவாசலில் நின்றுவிட்டது. வீரணன் ரிவர்ஸ் போட்டான், பின்சக்கரங்கள் சேற்றில் சுற்றின, வண்டி இன்னும் ஒரு விரல் முன்னால்தான் நழுவி இறுகியது. கதவைத் திறக்க இடமில்லாமல் முன்கண்ணாடியைத் திறந்து அதன் வழியாக வெளியே வந்தான்.

"பின்னாடி எடுக்க முடியலையாப்பா?"

"முடியல தாயி."

உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. மாசாமாசம் முட்டை அனுப்பிய மனுசர், நீலச் சாக்பீஸால் கோடு போட்டுப் போட்டு மகிழ்ந்தவர். "வீரணா... அறுத்துக்கிறுத்துப்புடாத. என்னைய எறக்குங்க. டோலி கட்டித் தூக்கிட்டுப் போங்க. பிள்ள கையிப்பா அது."

டோலி கட்டிப் பதின்மூன்று கிலோமீட்டர் சுமந்தால் மதியமாகிவிடும், அது வரைக்கும் அவர் தாங்கமாட்டார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். போதுமணி மகளைத்தான் பார்த்தாள்.

"டூல் பாக்ஸுல துணி சுத்தி வச்சிருக்கேல்ல," என்றாள் தாரணி. "அத எடு."

அவன் துணியைப் பிரித்து ரம்பத்தை எடுத்தான். "நான் அறுக்குறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

"நீ அறுத்தா பாதில நிறுத்திருவ. நீ வந்து என் கையப் பிடிச்சுக்க."

அவள் பானெட்டில் ஏறி மேலே போனாள். அவனும் ஏறினான். ஆறு வருஷத்துக்கு முன்னால் எந்தத் தகரம் குழிந்துவிடும் என்று பயந்து பிள்ளையை ஏற்றினானோ அந்தத் தகரம் அவன் முழங்காலுக்குக் கீழே டம்மென்று குழிந்தது. தம்பிப் பாறைப் பக்கம் ஓரச்சட்டத்தைப் பிடித்திருந்தவை ஐந்து குறுக்குப் பைப்புகள். தாரணி இடது கையை அவனிடம் கொடுத்துவிட்டு, வலது கையால் ரம்பத்தை முதல் பைப்பில் வைத்தாள். அவன் அந்த இடது கையைத் தன் ரெண்டு கைக்கும் நடுவில் பொத்திக்கொண்டான். ஆறு வருஷம் கழித்து அந்தக் கையை அளக்காமல் பிடிப்பது அன்றைக்குத்தான். இரும்புத்தூள் மழைத்தண்ணீரில் விழுந்தது, பிளேடு சூடேறி வாடை வந்தது, முதல் பைப் டக்கென்று விட்டது. அவன் உள்ளங்கைக்குள் அவளுடைய கட்டைவிரல் ஒரு தரம் துள்ளி அடங்கியது.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

ரெண்டாவது பைப் விட்டபோது ஆள்காட்டி விரல். மூன்றாவதுக்கு நடுவிரல். முட்டியால் தவழ்ந்து தவழ்ந்து, அன்றைக்கு அளந்துகொண்டு போன அதே வரிசையில் அவள் அறுத்துக்கொண்டு போனாள், அவன் கையை விடாமல் கூடவே தவழ்ந்தான், அவன் கண்ணீர் அவள் மணிக்கட்டில் விழுந்ததை ரெண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். நாலாவது பைப்புக்கு அப்புறம் அவன் வலிக்குதா என்று கேட்பதை நிறுத்திவிட்டான். கேட்டால் அவள் இல்லை என்பாள், அந்த இல்லையை அவனால் தாங்க முடியாது. ஐந்தாவது பைப், முன்னொரு நாள் வளைந்தது, லேசில் விடவில்லை. அது விட்டபோது அந்தச் சுண்டுவிரல் அவன் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடாமல் இருந்தது. ஓரச்சட்டம் பாறையோடு சரிந்து தம்பியின் காலடியில் விழுந்தது. ஜீப் தானாக ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் நகர்ந்தது. போதுமணி எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு மலையேறியவர் பாறை வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அதற்குள் யாரோ அந்த அறுந்த சட்டத்தை நிமிர்த்தி வைத்து அதற்கும் மஞ்சள் பூசி, ஒரு முழம் அரளிமாலை போட்டிருந்தார்கள். அதையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து, கடைச்சுவரில் அவ்வளவு கோட்டையும் சுண்ணாம்பால் அடித்துவிட்டார். ஒற்றைப் பக்கம் மொட்டையான கேரியரில் ஊர் மறுபடி எட்டு மூட்டை ஏற்றக் கற்றுக்கொண்டது. அது அதற்கப்புறமும் வளர்ந்ததா என்று கேட்டால் வீரணனைத்தான் கேட்க வேண்டும், அவன் அளக்கவில்லை.

ஏனென்றால் அறுத்ததற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மதியமே, போதுமணி பார்த்துக்கொண்டிருக்க, அவன் மூலையில் சாத்தியிருந்த ஆறடி மூங்கில் குச்சியை எடுத்து முழங்காலில் கொடுத்து மூன்றாக ஒடித்து அடுப்புக்குள் வைத்தான். அதிலேயே தண்ணீர் கொதித்து ரெண்டு முட்டை அவிந்தது. ஆறவைத்து, ஓட்டைப் பிசிறில்லாமல் உரித்து, ரெண்டு மாசமாகத் தொடாத அந்தத் தட்டை எடுத்து, சோற்றுக்குப் பக்கத்தில் ரெண்டையும் வைத்து மகள் முன்னால் நகர்த்தினான். அவள் விரல்களைப் பார்க்காமலிருக்க எவ்வளவோ முயன்றான், முடியவில்லை. ஐந்து விரலும் ஒழுங்காகத்தான் இருந்தன, அடியில் மட்டும் மயிரிழை கனத்தில் ஒவ்வொரு சிவப்புக் கோடு ஓடியது.

தாரணி முட்டைகளைப் பார்த்தாள். வாசலில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு கிடந்த நாயைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"ஒண்ணு நாய்க்காப்பா?"

அவள் குரலில் குத்தல் ஏதுமில்லை, தினமும் நடக்கிற காரியத்தைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஒரு வருஷம், ஒவ்வொரு காலையும், இந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டேயிருந்திருக்கிறது.

"இல்ல தாயி," என்றான். "ரெண்டும் ஒனக்குத்தான்."

அவள் ரெண்டையும் தின்றாள்.